லயனல் விண்வெளியில் இல்லை

பிரிஸ்டல்,
9 மே 1979

அன்புள்ள லயனலுக்கு,

டெஸ்மண்ட் எழுதுகிறேன். ஒன்பது வருடம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே டிரம் அடித்தவன். என் கடிதத்தையாவது பிரித்துப் படிப்பாய் என்று நம்புகிறேன். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே மழை விட்டபாடில்லை. என் இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, எல்லாம் உன் கிதார் செய்த புண்ணியம். உன் பெண்டாட்டி கிளெனிஸ் தையல் கடைக்கும் வீட்டுக்குமாக அல்லாடுகிறாள். உன்னைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் உன் சட்டைகளை இஸ்திரி போட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ஹெட்டியின் வகுப்பில் இப்போது கிரகங்களைப் பற்றிப் பாடம் நடக்கிறது. நம்முடைய விண்வெளி ராக் இசையைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யச் சொல்லி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை நம் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். எட்டு நிமிடம் ஓடியபிறகு ஒருத்தி, "பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று கேட்கிறாள். பாதி முடிஞ்சே போச்சும்மா என்றேன். பிறகு நம் கச்சேரிகளில் செய்வதுபோல எல்லோரையும் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். கண்ணாடித் தகட்டில் கலர் எண்ணெய் விட்டு, புரொஜெக்டரால் கூரை முழுக்க வழியவிட்டேன். ஒரு பிள்ளைகூட மூச்சு விடவில்லை.

அப்போது உன் குரல் வந்தது. ராக்கெட் கிளம்புவதற்கு எண்ணுவாயே, அந்த இடம். ஹெட்டி துள்ளி எழுந்து, "எங்க அப்பா! விண்வெளியிலேருந்துதான் பேசறாரு!" என்று கத்தினாள்.

தப்பு என்னுடையதுதான். மேடையில் நீ உன்னை மறந்து வாசிக்க ஆரம்பித்தால், ஆள் விண்வெளிக்குப் போயிட்டான் என்று நாங்கள் கிண்டல் அடிப்போமே. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, அப்பா எங்கே என்று அவள் கேட்டபோது என் வாய்க்கு வந்தது அதுதான். இரண்டு வருடமாக அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்கத்தில் படுத்திருந்த பெண், "விண்வெளியாம், விண்வெளி! உங்கப்பா பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்காருன்னு எங்கம்மா சொன்னாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் ரெக்கார்டை நிறுத்திவிட்டேன்.

காரில் ஏறியதும் ஹெட்டி, "நெஜத்தைச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு மனசு சரியில்லை, எட்டு மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அங்கே பஸ் போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "விண்வெளி ரொம்பத் தூரம், அதான் வரலைன்னு நெனச்சேன். பஸ் போற எடத்துலேருந்து ஏன் வரலை?" என்றாள்.

யாரையும் பார்க்க மாட்டேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். கிளெனிஸ் நாலு தடவை வந்து திரும்பினாள். மருந்தில் உடம்பு ஊதியிருக்கிறது, கை நடுங்குகிறது என்று டாக்டர் சொன்னார். இந்தக் கோலத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று உனக்கு. அடப்பாவி, அவள் உன் கோலத்தைப் பற்றியா கேட்டாள்? தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாயா என்றல்லவா கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கிளெனிஸும் சம்மதித்துவிட்டாள். நீ பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம். வாசல்வரை வந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் ஜன்னலில் நில்.

உனக்குச் சீக்கிரம் குணமாகட்டும். அதுவரை கிளெனிஸ் காத்திருப்பாள், நானும் காத்திருப்பேன். ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது. நீ வரவில்லையென்றால் அவளிடம் சொல்ல இனி என்னிடம் பொய் எதுவும் இல்லை. வந்து நில்லுடா.

உன்
டெஸ்மண்ட்