ஜன்னல் துணியில ஒரு கவுன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி குறைஞ்சுதா? தையல் மெஷினை ரொம்ப மிதிக்காதே. ஹாஸ்டல்ல நான் நல்லாவே இருக்கேன்.

ஜன்னல் திரைக்கு வெட்டுன துணியோட மிச்சத்துல நீ தச்ச பூப்போட்ட கவுனைப் போட்டுக்கிட்டு சாப்பிடப் போனேன். இங்கே ஒரு கூட்டம் இருக்கு. எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு டீஷர்ட்தான். அவங்க மேஜையில யார் உட்காரலாம்னு உடுப்பைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

"உங்க வீட்டு ஜன்னல் இப்போ மொட்டையா நிக்குமே!"ன்னு ஒருத்தி சிரிச்சா.

"ஆமா, வேணும்னா போய் எட்டிப் பாரு"ன்னு சொல்லிட்டு, அவங்க நடுவுலயே தட்டை வச்சு, ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அன்னையிலேருந்து எனக்குப் பேரு 'ஜன்னல்'. இருந்துட்டுப் போகட்டும். மறுநாளும் அதையேதான் போட்டேன். நான் ஒண்ணும் அழல.

மணி அடிச்சாச்சு, ஓடறேன். அதே துணியில இன்னொரு கவுன் தச்சு அனுப்பும்மா. கொக்கியை மட்டும் முன்பக்கம் வை. முதுகுல மாட்டிவிட இங்கே யாரும் இல்ல.

உன் ஜன்னல்