போன் சொன்னபடி ஒரு நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இங்கே இருந்துகொண்டு நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். உன் அப்பாவும் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. சலவைக் கடையில் துணி வாங்கும் மேசையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம். இரண்டு வருஷமாகச் சொட்டிய குழாய், அதை மாற்றிய அன்று வீடு அமைதியாகிவிட்டதென்று உன் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். என் முழங்கால் பழையபடிதான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது, விடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அப்பாவின் பார்சல் கிடங்கில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனி எல்லா ஓட்டுநருக்கும் பார்சலுக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. நேற்று சேர்ந்தவருக்கும் அதுதான், இருபத்திரண்டு வருஷமாக வேன் ஓட்டும் உன் அப்பாவுக்கும் அதுதான். வருஷத்துக்கு வருஷம் ஏறி வந்த அனுபவப் படி கிடையாது. அப்படி வந்தால் அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காரணம் கேட்டதற்கு, வழி சொல்லத்தான் போன் இருக்கிறதே, அனுபவத்துக்கு எதற்குத் தனியாகப் பணம் என்று கேட்டாராம் மேலாளர்.

போனுக்குள் இருந்து வழி சொல்லும் அந்த வழிகாட்டியைச் செய்தது நீ வேலை பார்க்கும் ஆபீஸ்தான். இது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். உன் அடையாள அட்டையில் இருக்கும் அதே ஆபீஸ் சின்னம் போன் திரையிலும் வந்ததாம். அன்றைக்குக் கிடங்கில் ஒருத்தரை விடாமல் இழுத்து வைத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் போனுக்கு அவர் வைத்திருப்பதும் உன்னைக் கூப்பிடும் பெயர்தான், பாப்பா. அது இடதுபக்கம் திரும்பச் சொன்னால் "பாப்பா சொல்றா, கேட்டுக்கணும்" என்பார். சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருஷமாகப் போகிற வழியிலேயே போவார். எந்த அப்பாதான் மகள் சொல்வதைக் கேட்டிருக்கிறார்.

அறிவிப்பு வந்ததும் சங்கத்தைக் கூட்டினார்கள். செயலாளரை உனக்கு நினைவிருக்கும், ஹாரன் அக்கா. பதினாறு வருஷமாக வேன் ஓட்டுகிறார். அவர் பேசினால் வண்டிக்கு ஹாரன் வேண்டாம் என்று அப்பா வைத்த பெயர்தான். எல்லாரும் வேலைநிறுத்தம் என்று குதித்தபோது அந்த அக்கா, "நிறுத்த வேணாம். வேலைக்குப் போவோம். போன் என்ன சொல்லுதோ அத மட்டும் செய்வோம். சொந்தப் புத்திய ஒரு நாள் வீட்ல வெச்சுட்டு வருவோம்" என்றாராம். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் பெண் செய்த வேலை, உங்களுக்கு மனசு சங்கடப்படுமா என்று கேட்டிருக்கிறார். "எம்பொண்ணு சொன்னபடி ஒரு நாள் நடந்தா எனக்கு என்ன குறைஞ்சுடப்போகுது" என்றாராம் இவர்.

வேண்டுமென்றே மெத்தனம் காட்டினார்கள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாதல்லவா? அதனால் வண்டிக்கு ஒரு சாட்சி என்று ஏற்பாடு. மனைவி, கணவன், ஓய்வுபெற்றவர், எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கையில் ஒரு நோட்டு. இடப்பக்கம் போன் சொன்னதையும் ஓட்டுநர் செய்ததையும் எழுத வேண்டும். வலப்பக்கம், மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்று அவரிடமே கேட்டு எழுத வேண்டும். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவின் வண்டியில் ஏறினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான்.

வேலை என்றால் ஸ்டியரிங்கைத் திருப்புவது என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி கிளம்புவதற்கு முன்பே என் நினைப்பு தப்பு என்று தெரிந்துவிட்டது. அன்று நூற்று முப்பத்திரண்டு பார்சல். போன் சொன்ன எண் வரிசையில் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். அடுக்கும்போதே அவர் கை கூசியதைப் பார்த்தேன். எண்ணூறு வீட்டுக் குடியிருப்புக்குப் போவதெல்லாம் எப்போதும் இடப்பக்கச் சுவரோரம் போகுமாம், அங்கே தெரு குறுகல், அந்தப் பக்கக் கதவு மட்டும்தான் திறக்க முடியும். இதை வலப்பக்கத்தில் எழுதினேன். முதல் தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

பள்ளிக்கூடத் தெருவுக்கு எட்டரைக்குப் போகச் சொன்னது போன். போனோம். பிள்ளைகளும் பெற்றவர்களும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, அரை மணி நேரம் அசையவில்லை. அடுத்து பதினொரு மாடிக் கட்டடத்தின் முன்வாசல். அங்கே பதினொரு மணி வரை பார்சல்காரர்களை விடமாட்டார்கள். பின்வாசல் நாற்பது அடி தூரத்தில் திறந்தே கிடக்கிறது, காவலாளி அப்பாவைப் பார்த்துக் கையாட்டுகிறார். இவர் பூட்டிய வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் மணியடித்து, பதில் இல்லாததால் போன் சொன்னபடி பார்சலைத் திரும்ப எடுத்து வந்தார். ஏன் என்று கேட்டேன். அந்த வீட்டுத் தச்சருக்குக் காது கேட்காதாம், ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் நிழல் விழுகிற மாதிரி நின்றால் வந்துவிடுவாராம். இன்னொரு வீட்டில் மணியடிக்கும்போது இவர் முகம் சுருங்கிப்போனது. அங்கே இரவுப் பணி முடித்த நர்ஸ் ஒருத்தி இரண்டு மணி வரை தூங்குவாளாம், ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவளை எழுப்பியதில்லையாம். அன்று எழுப்பினார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, கோபப்படாமல், "என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று இவரைக் கேட்டாள்.

மகளே, இந்த மனுஷருக்கு என் பிறந்த நாள் நினைவிருக்காது. வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். அவர் தலைக்குள் ஒரு நகரம் முழுக்க, யார் எப்போது தூங்குவார், எந்த லிஃப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொள்ளும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்று அத்தனையும் இருக்கிறது. எழுத எழுத எனக்குக் கை வலித்தது. கோவிலில் நிற்பதுபோல அடங்கி உட்கார்ந்திருந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. முப்பது நிமிஷம். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்சல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையை அடியில் வைத்துப் பார்த்தார். மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, போனை வண்டியிலேயே வைத்துவிட்டு, நடந்து போய்விட்டார். இருபத்தெட்டாவது நிமிஷம் வியர்வையில் நனைந்து திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்றேன். "ஒண்ணுமில்ல, காலு மரத்துப்போச்சு, சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றார். கையிலிருந்த பெட்டிகள் இல்லை. நானும் கேட்கவில்லை. நோட்டிலும் எழுதவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கிடங்கு முற்றத்தில் நாற்பத்தொரு வேனும் வந்து நின்றன. அப்பா கொடுத்து முடித்தது அறுபத்தொன்றுதான். எல்லா வண்டியிலும் பாதிக்குப் பாதி. திரும்பி வந்த பார்சல்களை முற்றத்தில் இறக்கி அடுக்கினார்கள், ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. யாரும் கோஷம் போடவில்லை. அவரவர் வண்டி பக்கத்தில் அவரவர் நின்றார்கள்.

மேலாளர் ஓடி வந்தார். அவருக்குப் பயம் மற்ற பார்சலைப் பற்றியல்ல. மருந்துக் கம்பெனி அன்று எண்பத்தேழு பெட்டி அனுப்பியிருந்ததாம், பனிக்கட்டி வைத்த ஊசி மருந்துகள். கிடங்குக்குக் கடைசியாக வந்ததால் எண் வரிசையிலும் அவை கடைசி, போனில் எண்பத்தேழும் கொடுக்கவில்லை என்றே காட்டுகிறது. போனுக்கு எல்லாப் பெட்டியும் ஒரு எண்தான், எதில் செருப்பு எதில் மருந்து என்று அதற்குத் தெரியாது. வெயிலில் மருந்து கெட்டிருந்தால் என்ன ஆவது என்று கிடங்குப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். அவர் இரண்டு ஆட்களோடு ஒரு மணி நேரம் அந்தக் குவியலைப் பிரித்துத் தேடினார். ஒன்றுகூட இல்லை. கடைசியில் மருந்துக் கம்பெனிக்கே போன் போட்டார்கள். எண்பத்தேழும் போய்ச் சேர்ந்துவிட்டது, தாளில் கையெழுத்துகூட வாங்கியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

நாற்பத்தொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அக்கா, "ஒரு நாள் சொன்னபடி இருங்கன்னா இருக்க மாட்டீங்களாய்யா, யாரைக் கேட்டு எறங்கிப் போனீங்க" என்று கத்தினார். யாரோ பின்னாலிருந்து, "அக்கா, உங்க வண்டியிலயும் நாலு மருந்துப் பெட்டி இருந்துச்சே" என்றார்கள். அக்கா முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேரும் தங்கள் சாப்பாட்டு நேரத்தில், அடியில் குளிர்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்தே மருந்தைக் கண்டுபிடித்து, போனை விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். பிறகு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். நாற்பத்தொரு நோட்டிலும் அது மட்டும் இல்லை. சாட்சிகள் எல்லாரும் என்னைப் போலவே பேனாவை மூடியிருக்கிறார்கள்.

மறுநாளே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அனுபவப் படியை இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிறோம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், அந்த நாற்பத்தொரு நோட்டுகள். அவற்றை உன் ஆபீஸுக்கு அனுப்பி, வலப்பக்கத்தில் இருப்பதை எல்லாம் போனுக்குள் ஏற்றப்போகிறார்களாம். நாங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று காட்ட ஒன்று விடாமல் எழுதினோம். எழுதும்போது யாருக்கும் இது தோன்றவில்லை பார். அத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை.

நோட்டுகள் இப்போது ஹாரன் அக்கா வீட்டு அலமாரியில் பூட்டி இருக்கின்றன. கொடுக்கவே கூடாது, கொடுத்தால் ஒரு வருஷம் கழித்து நாமே வேண்டாம் என்பார்கள் என்கிறார் அவர். அப்பா, கொடுக்கலாம் என்கிறார். "பாப்பா கைக்குத்தானே போகுது, அவ தப்பா எதுவும் செய்யமாட்டா" என்று எல்லாரிடமும் சொல்கிறார். அவர்தான் இருப்பதிலேயே மூத்தவர், பாதிப் பேர் அவர் சொல்வதைக் கேட்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

பாப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு வேலையில் இடைஞ்சல் வரக் கூடாது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். நீ என்ன பதில் சொல்லிவிடுவாயோ என்ற பயமும் உள்ளே இருக்கிறது. அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நேற்று பாத்திரம் கழுவும்போது, "அந்த மருந்துப் பெட்டி விஷயம் நோட்டுல இல்லியே, அது அந்த ஆபீஸ்காரங்களுக்கு எப்படித் தெரியும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்காததை நான் கேட்கிறேன். அந்த நோட்டுகள் உன் மேசைக்கு வந்தால் உங்கள் ஆபீஸில் என்ன செய்வார்கள்? ஒரு வருஷம் கழித்து உன் அப்பா அந்த வண்டியில் இருப்பாரா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. தெரிந்தால், எங்களைத் தேற்றுவதற்காக எதையும் மாற்றாமல் எழுது. எனக்கு எழுத வேண்டாம், அவர் பெயருக்கே எழுது, சனிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி. உன் வேலையை விடச் சொல்லவில்லை, உன்மேல் குறையும் சொல்லவில்லை. நீ படித்ததும் அந்த வண்டியில் வந்த சம்பளத்தில்தான் என்று சொல்லிக்காட்டவும் இல்லை. சொல்லிவிட்டேனோ? சரி, எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

கடையில் ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த வேலையில் பல வருஷம் இருந்து, கை பழகி, கண் பழகி, பேர் எடுக்க வேண்டும். உனக்கும் இருபத்திரண்டு வருஷம் ஆகும்போது, யாரும் உன்னிடம் வந்து ஒரு நோட்டைக் கேட்காமல் இருக்க வேண்டும்.

உன் நல்வாழ்வையே நினைத்திருக்கும்
அம்மா