ஆறு மீட்டர் தொலைவில்

ஜூன் 4, வியாழன்

அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து மகளைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சென்ற ஆண்டு இரு கண்களுக்கும் மைனஸ் இரண்டு. இன்று மைனஸ் மூன்று. அவளுக்கு வயது ஒன்பது. அந்த வயதில் எனக்கும் மூன்றுதான் இருந்தது. இன்று எனக்கு மைனஸ் பதினொன்று. வலக்கண்ணில் விழித்திரை ஒருமுறை கிழிந்து, லேசர் வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். இந்தக் கோட்டை நீட்டிப் பார்க்காதே என்று மனத்துக்கு எவ்வளவு சொல்லியும் அது கேட்பதாயில்லை.

மருத்துவர் அம்மையார் நிதானமாகச் சொன்னார்: "ஏறினதை இறக்க முடியாது சார். ஏறுற வேகத்தைக் குறைக்கலாம். கண்ணு நீளமா வளந்துக்கிட்டே போகுது, அதான் விஷயம்."

இரவுதோறும் ஒரு சொட்டு மருந்து. பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே. புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையே முழங்கை முதல் விரல்முட்டி வரையிலான தூரம். கண்ணாடியைக் கழற்றவே கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை.

இருபத்தாறு ஆண்டுகளாக நில அளவையாளன் நான். அளந்த நீளம் வளரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஜூன் 7, ஞாயிறு

விதிகளைத் தெளிவாக எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். புத்தகத்தின் தூரத்தைச் சரிபார்க்க மகளின் மேசையில் ஒரு மர அளவுகோலும் வைத்தேன். மனைவி நின்று நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரி. வீட்டுக்கு எல்லைக்கல் மட்டும் இன்னும் நடல."

மகளுக்கு வீட்டில் 'வாலு' என்றே பெயர். அவளுக்குப் பொழுதெல்லாம் படம் வரைவதுதான். அதிலும் எறும்பளவு மனிதர்கள். ஒரே தாளில் ஓர் ஊரே குடியிருக்கும். வரையும்போது மூக்கு தாளை உரசும்.

"அளவுகோல் எங்கே?" என்றேன்.

"இதோ. அதோட தலையிலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க."

உண்மைதான். முப்பதாம் சென்டிமீட்டரில் ஒருவன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 21

சொட்டு மருந்துக்கு இன்று அவள் அழவில்லை. நான்தான் முதல் சொட்டைக் கன்னத்தில் விட்டேன்.

ஜூலை 18

மாலையில் இருவரும் மைதானத்தில் நடக்கிறோம். "நடந்துக்கிட்டே இருக்கிறதுக்கு நான் என்ன போலீஸா?" என்கிறாள். விதி நிறைவேறுகிறது, மகிழ்ச்சிதான் இல்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆறு மாதம் காத்திருக்க மனம் ஒப்பவில்லை. கண்ணாடிக் கடைக்காரரிடம் பார்வைப் பரிசோதனை அட்டையை இரவல் வாங்கி, அலுவலக ஜெராக்ஸில் நகல் எடுத்து வந்தேன். அதைச் சுவரில் மாட்டி, எஃகு நாடாவைப் பிடித்து, சரியாக ஆறு மீட்டரில் தரையில் கோடு போட்டேன். அதற்கு மகளின் கால் சமையலறை வாசற்படியில் நிற்க வேண்டியிருந்தது.

கண்ணாடி போட்டும் கடைசி இரண்டு வரிகள் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தெரியவில்லை.

இரண்டே மாதம். புதுக் கண்ணாடி. மருந்து ஒருநாளும் தவறவில்லை. அப்படியிருந்துமா? எங்கே தப்பு பண்ணினேன்?

ஆகஸ்ட் 10

வரைபொருள்களை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"எதுக்குப்பா?"

"கிட்டப் பாக்குற வேலை எதுவும் வேண்டாம். கண் கெட்டுப் போகுது."

"நான் அளவுகோல் வெச்சுத்தானே வரையுறேன்!"

சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது அவள் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் போய் உட்கார்ந்தாள். மனைவி, "பென்சிலைப் பூட்டியாச்சு. பிள்ளையோட மூஞ்சியை எந்த அலமாரியில வெக்கப் போறீங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 13, வியாழன்

முன்கூட்டியே நேரம் கேட்டு மருத்துவரிடம் போனோம். அங்கே அவள் கண்ணாடியோடு கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பவர் அதேதான் சார். ஏன் பதறுறீங்க?"

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். தூரத்தை எஃகு நாடாவால் அளந்ததையும் அழுத்திச் சொன்னேன். மருத்துவர் யோசிப்பதற்குள் வாலு குறுக்கே புகுந்தாள்: "அப்பா, நம்ம வீட்டு 'E' குட்டிப்பா. இது பெருசு."

"ஒரே அட்டைதானேம்மா அது."

"இல்ல. நான் வரையுறவ. எனக்குத் தெரியும்."

வீடு திரும்பியதும், சுவரிலிருந்த அட்டையையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரரின் அட்டையில் முதல் எழுத்தின் உயரம் எண்பத்தெட்டு மில்லிமீட்டர். என் நகலில் அறுபத்திரண்டு. பெரிய தாளை ஜெராக்ஸ் சின்னத் தாளுக்குள் அடக்கியிருக்கிறது. அளவு குறைந்த வரைபடத்தை வைத்து நிலத்தை அளக்கும் கடைநிலை உதவியாளனை நானே எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! தூரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தவனுக்கு எழுத்தை அளக்கத் தோன்றவில்லை.

"என்ன சார், அட்டைக்கே கண் டெஸ்டா?" என்றார் கடைக்காரர்.

சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணும் ஆகல.

இரவு அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் அவள் மேசையில் வைத்தேன். "தப்பு என்னோடதும்மா."

"அட்டையோட தப்பு," என்றாள் பெருந்தன்மையாக. பிறகு, "உங்களோடதும்தான்."

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பின்முற்றத்து மதிலை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாளி நிறையச் சாக்கட்டி. அளவைக்கு வைத்திருந்த நூலும் தந்தேன். எறும்பு மனிதர்களெல்லாம் இப்போது ஆளுயரம். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஓடிப்போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து அடுத்ததைப் போடுகிறாள். இரண்டு மணி நேரம் போனது இருவருக்குமே தெரியவில்லை.

மருத்துவர் கேட்ட தூரமும் வெளிச்சமும் அவளுக்கு இங்கேயே கிடைக்கின்றன. மைதான நடையை ரத்து செய்தேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

நேற்று ஆறுமாதப் பரிசோதனை. பவர் மைனஸ் மூன்றிலேயே நிற்கிறது. விழியின் நீளம் மிகக் கொஞ்சமே கூடியிருக்கிறதாம். அந்த வயதுக்கு அது இயல்புதானாம். "இப்படியே போகட்டும் சார். மருந்தை நிறுத்திடாதீங்க. இனிமே ஏறவே ஏறாதுன்னு நான் சொல்லல. ஆனா இது நல்ல சேதி." நல்ல சேதி என்றவரையில் எனக்குப் போதும். எந்த அளவையிலும் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு.

இன்று காலை வாலு என்னைப் பின்முற்றத்துக்கு இழுத்துப் போனாள். மதிலில் அவளே வரைந்த எழுத்துப் பலகை. மேலே பெரியது, கீழே போகப்போகச் சிறியது. தரையில் எஃகு நாடா, அதன் முனையில் ஒரு கோடு.

"எழுத்தையும் அளந்துட்டேன். நில்லுங்க. படிங்க."

நான்காம் வரிவரை தயக்கமின்றிப் படித்தேன். ஐந்தாவதில் தடுமாறினேன். ஆறாவது வெறும் தூசியாகத் தெரிந்தது.

"உங்க கண்ணாடிக்கு எத்தனை வயசுப்பா?"

யோசித்துப் பார்த்தேன். அவளைவிட இரண்டு வயதுதான் குறைவு.

மனைவி வாசற்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே சொன்னாள்: "கிட்டப் பாக்குற வேலை எதுவும் வேண்டாம். அந்த டைரியை எடுத்து அலமாரியில வைங்க."

வியாழக்கிழமை காலைக்கு எனக்கு நேரம் கேட்டிருக்கிறேன். துணைக்கு அவளும் வருகிறாளாம்.