இரண்டு குதிகாலும் தரையில்

பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "வேணாம்மா" என்று அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டு மெஹரூன்னிசா அக்காதான் ஓட்டப் பழக்கினாள். லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. உன்னிடம் மறைத்தது தப்புதான்.

கடைக்காரர் முதலில் ஸ்கூட்டரைத்தான் காட்டினார். "லேடீஸுக்கு இதான் ஈஸி அக்கா."

"நான் உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்க. மண் பாதையில சின்ன சக்கரம் புதைஞ்சிடும்" என்றேன்.

பிறகு மூன்று பைக்கில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பு வண்டி கொள்ளை அழகு. ஆனால் நுனிவிரல்தான் தரையில் பட்டது. அவர் மைலேஜ், பிக்கப் என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசி வண்டியில் இரண்டு குதிகாலும் நன்றாக ஊன்றின. "இதையே குடுங்க" என்று சொல்லிவிட்டேன். கறுப்பு நிறம், பார்க்கச் சுமார்தான்.

அப்பா பைக்கிலிருந்து விழுந்த அந்த வளைவு இருக்கிறதே, நாலு வருஷமாக பஸ் அங்கே திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று காலை மூட முடியவில்லை. ஓட்டுகிறவள் பார்த்துதானே ஆகவேண்டும். கியரைக் குறைத்து மெதுவாகத் திரும்பினேன். ஒரு இளநீர்க் கடையும் நாலு சவுக்கு மரமும் இருந்தன. அவ்வளவுதான் பாப்பா, அது வெறும் வளைவுதான்.

பொங்கலுக்கு நீ வரும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஏறப் பயமாக இருந்தால் பரவாயில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடுவரை உன்னோடு நடந்தே வருகிறேன்.

உன்
அம்மா