தொய்வு என்று நீ சொன்ன நோய்

பேசாலை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் றொஷேலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீயும் மருமகனும் ஒஸ்லோவில் நலமாயிருக்க மன்றாடுகிறேன். நான் சுகம். உன் அம்மாவைப் பற்றி அப்படி எழுத இயலாது. தொலைபேசியில் நீ என்னை முடிக்க விடுவதில்லை. ஆகவே கையால் எழுதி வட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. அமிலோயிட். உடம்பு தானே உண்டாக்கும் ஒரு புரதம் கரையாமல் மூச்சுக்குழாய்ச் சுவரில் மெழுகுபோலப் படிந்து வழியை ஒடுக்குகிறது. அது தொய்வு என்கிற ஆஸ்துமா அல்ல, காசம் அல்ல, புற்றும் அல்ல, எவருக்கும் தொற்றாது. இதை அறிய இரண்டு வருடம் எடுத்தார்கள். முதலில் தொய்வு என்றார்கள். மருந்தை இழுத்தும் மாறாதபோது, கடற்கரைச் சனத்துக்குக் கருவாட்டுத் தூசு ஒத்துக்கொள்ளாது என்றார் ஒருவர். இவள் கருவாடு காயப்போட்டவள் அல்ல, தையல் ஆசிரியை என்றேன், அவர் தலை நிமிரவில்லை. பிறகு சளியில் கிருமி காணாமலே ஆறு மாதம் காசநோய்க் குளிசை கொடுத்தார்கள். அந்த மாதங்களில் கோயிலில் எங்கள் வாங்கில் வேறெவரும் அமரவில்லை. பக்கத்து வீட்டுச் சரீபா மட்டும் வழமைபோல் வந்து தேத்தண்ணி குடித்தாள். "எனக்கு வாறதெண்டா இதுக்குள்ள வந்திருக்கும், சீனியக் கூடப் போடுங்கோ ரீச்சர்" என்றாள். கொழும்பில் குழாய் விட்டுச் சதைத்துண்டு எடுத்தார்கள். புற்றுமில்லை, காசமுமில்லை, ஆகவே ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த இரண்டைத் தவிர வேறெதையும் அவர்கள் தேடவேயில்லை. தேடாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறதோ தெரியவில்லை. நான் விலகாமல் நின்றதால் வேறொரு மருத்துவர் சேமிப்பிலிருந்த அதே சதையை ஒரு சிவப்புச் சாயத்தில் தோய்த்துப் பார்க்கச் சொன்னார். விசேட ஒளியில் அது பச்சையாகத் தெரிந்தது. அவ்வளவுதான். ஒரு சாயம்.

படிவை லேசரால் செதுக்கி வழியை விரிக்கலாமாம். முற்றாக மாறாது, ஆனால் மூச்சு விடலாம். வருகிற வியாழன் கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். தவறவிட்டால், குழாய் இருக்கும் ஒடுக்கத்துக்கு ஒரு சளிக்காய்ச்சலே போதும் என்றார் மருத்துவர். அம்மா போகமாட்டாளாம். காரணம் நீ. பாமசியில் வேலை செய்யும் நிச்சயத்தோடு நேற்று நீ "தொய்வுதானம்மா, அப்பா வீணாப் பயப்பிடுறார்" என்று சொன்னாய். நான் வாதாடினேன். "நீங்கள் படிச்சது கணக்கு, அவள் படிச்சது மருந்து" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அம்மா நன்றாகத்தானே கதைக்கிறா என்று என்னையும் கேட்டாய். உனக்கு மறைத்திருப்பதைச் சொல்கிறேன். நீ அழைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காலையிலிருந்து எவருடனும் பேசுவதில்லை. இப்போது பூசைக்கும் போவதில்லை, அடுப்படிக்கும் போவதில்லை. கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சைச் சேர்க்கிறாள். உன்னோடு கதைத்து முடித்துச் சாய்ந்தால் பின்னேரம்வரை எழும்ப முடியாது. நீ கேட்பது ஒரு காலை முழுவதும் சேர்த்த மூச்சை.

ஆகவே அடுத்த ஞாயிறுவரை காத்திராதே. இதை வாசித்த உடனேயே, அவளுக்கு அறிவிக்காமல் அழைப்பு எடு. எப்படியம்மா சுகம் என்று கேளாதே. அவள் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேள். பிறகு, நீ சொன்னது பிழை என்று உன் வாயாலேயே சொல். அதற்குமேல் உன்னிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

மடு மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கட்டில் வியாழன் காலை. நாங்கள் புதன் இரவு பஸ் ஏறவேண்டும்.

இங்ஙனம்,
உன் அப்பா
ம. அம்புறோஸ்