பெயிண்ட் அடித்த ஜன்னல்

ஆஸ்பத்திரியில் மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வல்லம் வீட்டுக்கு ஓடிவந்தாள் கோமதி. ஷிப்டில் இருந்த கணவன் வசந்திடம் போன் இருக்காது; கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

"சஞ்சனா மாடி ஜன்னல்ல சாஞ்சா. கம்பி சட்டத்தோட பேத்துக்கினு போய், அவளும் கீழ வுழுந்துட்டா. உயிருக்கு ஒண்ணுமில்ல. தொடை எலும்பு ஒடஞ்சிடுச்சி, நாளைக்கு ஆபரேஷன். காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வாங்க.

மரம் செல்லரிச்சுப் போச்சு, மாத்திடலாம்னு பொங்கலுக்கே சொன்னேன். 'பெயிண்ட் அடிச்சா புதுசாட்டம் ஆயிடும்'னு சண்ட போட்டு அடிச்சீங்க. போன வாரம் பெருக்கும்போது வெரல் வச்சேன், மாவாட்டம் உள்ள போச்சு. நாம பேசிக்காம இருந்தோம், அதனால நானும் சொல்லல.

சோறு, ரசம் கீது. சாப்ட்டுட்டு வாங்க. ஆசாரிய வரச் சொல்லிக்கிறேன், சாவிய கீழ் வூட்ல குடுங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"ஆம்புலன்ஸ்ல போம்போது, 'ஜன்னல ஒடச்சிட்டேன்னு அப்பா அடிப்பாராம்மா?'ன்னு கேட்டா. நீங்களே வந்து சொல்லுங்க."