ஒரு சொட்டும் விழாத வண்டி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், வண்டியும் இப்போது சுகம், நீயும் மாப்பிள்ளையும் உங்கள் பற்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள், இது அவள் காதில் விழக்கூடாத சமாச்சாரம், அதனால்தான் கடிதம்.

கிளினிக்கை மூடியதிலிருந்து நான் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நம் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போட்டுவிட்டு வருவது உனக்குத் தெரியும். போய்வருவதற்கே பெட்ரோல் செலவாவதால் மறுநாளும் போக வேண்டியிருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டி ஆயில் ஒழுக ஆரம்பித்தது. உன் அம்மா வாசலில் ஆசை ஆசையாய் வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறாள், செருப்புக் காலோடு மிதித்தால் என்னையே வெளியே நிறுத்திவிடுகிறாள், அதன் நட்டநடுவில் கறுப்பாக ஒரு வட்டம். இன்னொரு சொட்டு விழுந்தால் வண்டியை விற்றுத் தள்ளிவிடுவேன், தெருமுனை லாண்டரிக்காரர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். எனக்குச் சோறே இறங்கவில்லை. வண்டியும் போனால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் சொல்?

மெக்கானிக் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். இத்தனை வருடம் ஊரார் வாயில் ஓட்டை அடைத்தவனுக்கு ஒரு இன்ஜின் ஓட்டையை அடைக்கத் தெரியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. இன்ஜினின் தலையில் வால்வு கவர் என்று ஒரு மூடி இருக்கிறது, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே சுற்றி ஓடுகிற ரப்பர்தான் கேஸ்கட், நம் குக்கரில் இருப்பதற்கு அண்ணன். அது காய்ந்து விறைத்தால் ஆயில் கசியும். இன்ஜின் நன்றாக ஆறியதும் மாஸ்க், கையுறை, நெற்றி விளக்கு எல்லாம் மாட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தேன், பேஷண்ட் கழுத்தில் கட்டுவதுபோல் பம்பரில் ஒரு துண்டையும் கட்டிவிட்டேன். எதிர்வீட்டுத் தபால்காரர், நம் பழைய பேஷண்ட், வேடிக்கை பார்க்க வந்தார். விளக்கோடு அவர் பக்கம் திரும்பினேன், பழக்க தோஷம், வாயைத் திறந்துவிட்டார். கடைவாயில் ஒரு சொத்தை. அடுத்த வாரம் வாருங்கள் என்றேன், சரி டாக்டர் என்றார், கிளினிக்கே இல்லை என்பது அப்புறம்தான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

பழைய கேஸ்கட் பல்லில் காறை பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. காறை சுரண்டுகிற என் பழைய கொக்கியாலேயே, அலுமினியத்தில் கீறல் விழாமல், துணுக்குத் துணுக்காக எடுத்தேன். குப்பை உள்ளே விழாமலிருக்க இடுக்குகளில் பஞ்சு உருளை அடைத்தேன். கை நடுங்கவில்லை குட்டி. எந்தக் கையை நம்ப முடியாமல் கிளினிக்கை மூடினேனோ அந்தக் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புது கேஸ்கட்டை உட்கார வைத்து, மூலைகளில் துளி பசை தடவி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன், ஒரே மூச்சில் முறுக்கினால் மூடி கோணிக்கொள்ளும், நீ செய்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்.

எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா வந்தாள். கிளினிக்கில் எனக்குக் கூடமாட நின்றவள் அல்லவா, எடுத்த பஞ்சைப் போட்டிருந்த தட்டைப் பார்த்ததுமே, நான் எண்ணி வைத்ததில் ஒன்று குறைகிறதே என்றாள். பஞ்சை உள்ளே வைத்து இன்ஜினை ஓட்டினால் கதை கந்தல். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, தபால்காரர் டார்ச் பிடிக்க, தேடு தேடென்று தேடினோம், இல்லை. உனக்கு எண்ணத் தெரியவில்லை என்று உன் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். நான் கத்திய கத்தலில் குழறல் இருந்ததாம். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். “வாயத் திறங்க” என்றாள். திறந்தேன். கன்னத்துக்குள் இருந்தது. மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வேலை செய்தபோது, இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பஞ்சு என்றால் எங்கே வைப்போமோ அங்கே வைத்திருக்கிறேன். தபால்காரர் சிரித்து சிரித்துப் புரையேறி, அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுபடி துடைத்து, மறுபடி பசை தடவி மூடி, பசை காய்ந்ததும் ஆயிலையும் புதிதாக மாற்றி ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உன் அம்மா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும்போது இன்னொரு சுற்று போகலாமா என்றாள், போனோம்.

அதற்குள் தபால்காரர் லீக் நின்றதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலேயே லாண்டரிக்காரர் வண்டியை எடுத்துப்போக வந்து நிற்கிறார். வெள்ளைத் துணி ஏற்றுகிற வண்டி என்பதால் அந்த ஆயில் ஒன்றுதான் அவருக்குத் தடையாம், என்னிடம் ஒழுகினால் விற்பேன் என்ற உன் அம்மா, அவரிடம் அது நின்றால் வண்டி உங்களுக்குத்தான் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தாளாம். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். அவர் குனிந்து பார்த்தார், நானும் குனிந்தேன். வண்டிக்கு அடியில், வெள்ளை டைல்ஸில், உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிறத்தில் தேங்கியிருந்தது. அவ்வளவு பாடுபட்டும் நிற்கவில்லையே என்று நினைத்தேன். “இவரும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டார், இது நிக்கிற மாதிரி இல்லீங்க. நீங்க வேற வண்டி பாத்துக்குங்க” என்று உன் அம்மா சொன்னாள். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். நான் தரையில் படுத்து இன்ஜினின் அடியெல்லாம் தடவினேன், காய்ந்து கிடந்தது. கீழே இருந்ததை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சமையல் எண்ணெய்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் காட்டிக்கொள்ளாமல் டைல்ஸைத் துடைத்துவிட்டேன். அங்கே நீ எந்தப் பாக்கெட்டையும் பல்லால் கிழிக்காதே, மாப்பிள்ளையையும் கிழிக்க விடாதே. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையாக, சொந்தப் பல்லோடு, நூறு வயது இருங்கள். முக்கியமாக ஒன்று, போன் பேசும்போது வண்டி இன்னும் ஒழுகுகிறதா என்று அம்மாவிடம் மறக்காமல் கேள். ஆமாம் என்பாள். நீயும் நம்பிவிடு, நான் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா